மூன்றாவது சாலுரான்

எனக்கு மில்லில் எடைமேடை வேலை.
செம்பனைக் குலையோடு லோரி ஏறும், குறிப்பேன்.
கொட்டிவிட்டு வெறும் லோரி திரும்பி ஏறும், குறிப்பேன்.
முன்னதில் பின்னதைக் கழித்தால்
பழத்தின் எடை.
பதினோரு வருடமாக இந்த ஒரே கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை வேறு கணக்கு.
தோட்டத்துச் சிற்றாலயத்தின் பொருளாளர் நான்.
போன மாதப் பக்கத்தில் என் கையெழுத்தில் இருக்கிறது:
நன்கொடை, கூரைத் தகரம், நாற்பத்திரண்டு.
கொடுத்தவர் பெயரை எழுதவில்லை.
டவுனில் தூணுக்குத் தூண் அவர் முகம்தானே தொங்குகிறது.

பூசை முடிந்து, மோட்டார் சாவியைச் சுழற்றியபடி
காஸ்பார் அண்ணன் சொன்னார்:
"உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கணும்."
எல்லாரும் அண்ணாந்து
தகரத்தைப் பார்த்தோம்.

ஃபாதர் சவரிநாதர் அன்று மறையுரையில்
எந்தக் கட்சியையும் சொல்லவில்லை.
பொது நன்மை என்றார். இருமினார்.
"உங்கள் ஓட்டு உங்களுடையதுதான்,
ஆனால் உங்களுக்கு மட்டும் இல்லை" என்றார்.
அதற்குள் மழை பிடித்துக்கொண்டது.
புதுத் தகரம் போட்ட சத்தத்தில்
மீதி யாருக்கும் கேட்கவில்லை.

சனிக்கிழமை.
தமிழ்ப்பள்ளி கேட்டு வரைக்கும்
ஜெசிந்தாவும் வந்தாள், இடுப்பில் பிள்ளையோடு.
அவள் அம்மா ஃபுளோரஸ்காரி.
அப்பா கல்யாணத்தைப் பதியவில்லை.
நம் பங்கில் பதிலுரைப் பாடல் அவள் குரல்தான்,
ஆனால் பதிவிலாகாவைக் கேட்டால்
அவள் இன்னும் பிறக்கவில்லை.
"நீங்க போய்ட்டு வாங்கக்கா,
நான் நெழல்ல நிக்கிறேன்."
பிள்ளையின் காலில் புண். முழங்கால் வரைக்கும்.

சாலுரான் மூன்று என்றது என் சீட்டு.
வரிசை என்றுதான் பொருள் இங்கே.
மலாய்க்காரர் வாய்க்காலுக்கும் அதையே சொல்வார்கள்.
நின்ற இடத்தில் எனக்கு மூக்கில் ஏறியது
கொங்சிக்குப் பின்னால் ஓடும் கறுப்புத் தண்ணீர்,
என் மில்லின் கழிவு,
நான் எடை போட்டு உள்ளே விட்ட பழத்தின் மிச்சம்.

ஒருத்தி வந்திருந்தாள், போன வாரம்.
நம் கோயில் வாசல் மிதிக்காதவள்,
நம் சாமியைக் கும்பிடாதவள்.
வாய்க்காலில் குனிந்து ஒரு பாட்டில் மொண்டு
மூடியைத் திருகிக்கொண்டாள்.
எதுவும் தரவில்லை.
கை கழுவ நல்ல தண்ணீர் இருக்குமா என்று கேட்டாள்.
ஜெசிந்தா ஊற்றினாள்.

அட்டை மறைப்புக்குள் பேனாவைப் பிடித்தேன்.
மில்லுக்கு அபராதம் விழுந்தால்
என் ஓ.டி. போகும்.
கூரை ஒழுகிய ஏழு மழைக்காலம் ஞாபகம் வந்தது,
பீடத்துக்குப் பக்கத்தில் வைத்த வாளி,
காஸ்பார் அண்ணன் முகம்.
எல்லாமே எடைதான், பொய் இல்லை.
ஆனால் லோரியின் எடை.
கழித்துப் பார்த்தேன்.
மேடையில் மிஞ்சியது
ஒரு பிள்ளையின் கால்.

குறி போட்டேன்.
சிலுவை என்றெல்லாம் சொல்ல மாட்டேன்,
பெருக்கல் குறி.
மடித்தேன், போட்டேன், வந்தேன்.

அவள் தோற்றாள். நூற்றுச் சொச்சம் ஓட்டு.

மறுநாள் நற்கருணைக்கு நீட்டிய இடது கையில்
அப்பத்துக்கு அருகே மை விரல்.
முன்னால் நின்ற காஸ்பார் அண்ணனுக்கும் அதே கறுப்பு.
மன்றாட்டு வாசிக்க என் முறை:
தேர்ந்தெடுக்கப்பட்டவருக்காக.
வாசித்தேன். குரல் நடுங்கவில்லை.
வெளியே மழை.
ஒரு சொட்டு ஒழுகவில்லை,
நல்ல தகரம்தான்.

திங்கட்கிழமை காலை
சாப்பாட்டுப் பையில், சோற்று டப்பாவுக்குப் பக்கத்தில்,
ஒரு வெறும் பாட்டில் வைத்தேன்.